தளபதிகளுக்கு மட்டும் ஏன் வகுப்பு?

ராணுவ அதிகாரிகளுக்கு ஜனநாயகம் சொல்லிக்கொடுத்துவிட்டால் ஆட்சிக்கவிழ்ப்பு நடக்காது என்று ஒரு நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கிறது. வெளிநாட்டு அதிகாரிகளை அழைத்துப் படிக்க வைப்பதற்கென்றே அமெரிக்கா பணம் ஒதுக்குகிறது. எகிப்தின் அப்துல் ஃபத்தா அல்-சிசி 2006இல் அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரியில் படித்தவர். அங்கே அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘மத்திய கிழக்கில் ஜனநாயகம்’. 2013 ஜூலை 3ஆம் தேதி, தேர்தலில் வென்ற முர்சியைப் பதவியிலிருந்து தூக்கினார். மாலியில் 2012இல் ஆட்சியைப் பிடித்த கேப்டன் சனோகோவும் அமெரிக்காவில் பயிற்சி எடுத்தவர்தான். பாடம் புரியாமலா செய்தார்கள்?

“அதுக்காகப் பயிற்சியே வேணாம்னு சொல்றியா?” என்றார் ஒரு நண்பர். அப்படிச் சொல்லவில்லை. வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் கேட்கிறேன். சீருடைக்காரர் முன்வரிசையில் இருக்கிறார், சரி. அவரையும் அவருடைய அமைச்சரையும் கேள்வி கேட்க வேண்டிய நாடாளுமன்ற உறுப்பினர் எங்கே?

நம் வீட்டுக் கதையையே எடுத்துக்கொள்வோம். மலேசியக் கடற்படைக்கு ஆறு போர்க்கப்பல்கள், 900 கோடி ரிங்கிட். 2022 ஆகஸ்டில் பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கை வந்தபோது சுமார் 608 கோடி ரிங்கிட் கொடுத்தாகிவிட்டது. அட்டவணைப்படி ஐந்து கப்பல்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். ஒன்றுகூட வரவில்லை. எல்லாரும் இதை ஊழல் கதையாகவே பேசி, மீம் போட்டு, மறந்துவிட்டோம். எனக்கு உறுத்தியது வேறு. கடற்படை கேட்ட வடிவமைப்பு ஒன்று, வாங்க முடிவானது இன்னொன்று. அன்றைய கடற்படைத் தளபதி ஆட்சேபித்துக் கடிதம் மேல் கடிதமாக எழுதினார். பதில் சரியில்லை என்று அவர் பீரங்கியைத் திருப்பவில்லை. மேலே எடுத்த முடிவுக்குக் கட்டுப்பட்டார். பாடநூல் எப்படி நடக்கச் சொல்கிறதோ அப்படியே நடந்தார். ராணுவம் அரசாங்கத்துக்கு அடங்க வேண்டும் என்ற பாடத்தில் அவருக்கு நூற்றுக்கு நூறு. கப்பல்தான் இல்லை!

ஆகவே, நம்மிடம் ஆட்சிக்கவிழ்ப்பு நடந்ததே இல்லை என்று நெஞ்சை நிமிர்த்துவதில் எனக்கு ஆர்வமில்லை. வரவுசெலவுத் திட்டம் ஆண்டுதோறும் மக்களவையைக் கடந்துதான் போகிறது. அந்தக் கடிதங்கள் எழுதப்பட்ட காலத்திலேயே அவற்றைக் கேட்டு வாங்கிப் படிக்கத் தெரிந்த ஒரு குழு இருந்திருந்தால்? ராணுவக் கொள்முதல் ஒப்பந்தத்தைப் படிப்பது தனி வித்தை. ‘ரகசியம்’ என்று அமைச்சு சொன்னதும் வாயை மூடிக்கொள்ளும் உறுப்பினருக்கு, எது உண்மையில் ரகசியம், எது வெறும் சாக்கு என்று பிரித்துப் பார்க்கப் பழக்க வேண்டும். பயிற்சி இங்கேதான் தேவை.

ஆனால் பயிற்சியால் தீராத நோயும் இருக்கிறது. பக்கத்தில் இந்தோனேசியாவைப் பாருங்கள். சுகார்த்தோ காலத்தில் ராணுவத்துக்கு ‘இரட்டைப் பணி’, நாடாளுமன்றத்தில் ஒதுக்கீடு. 1998க்குப் பிறகு அந்த இடங்கள் 75லிருந்து 38 ஆகி, 2004இல் பூஜ்யமானது. அதே ஆண்டு வந்த சட்டம் பணியில் இருக்கும் அதிகாரிகளுக்கு 10 அரசு அமைப்புகளில் மட்டுமே கதவைத் திறந்துவைத்தது. தெருவில் இறங்கிய மாணவர்கள் வாங்கிக்கொடுத்த சட்டம் என்று சொன்னாலும் தப்பில்லை. 2025 மார்ச் 20ஆம் தேதி அதைத் திருத்தி, பத்தை 14 ஆக்கினார்கள். தளபதிகளா? இல்லை. நாடாளுமன்றத்தின் எல்லாக் கட்சிகளும் சேர்ந்து கைதூக்கின. அதற்கு முந்தின வாரக்கடைசியில் திருத்தத்தை ஜகார்த்தாவின் ஐந்து நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் உட்கார்ந்து விவாதித்தார்கள். மனித உரிமை ஆர்வலர்கள் உள்ளே நுழைந்து நிறுத்தச் சொன்னபோது காவலர்கள் வெளியே தள்ளினார்கள். இந்த உறுப்பினர்களுக்கு எந்தப் பேராசிரியரை அனுப்புவது? செய்வது என்னவென்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ராணுவத்தோடு ஒத்துப்போவது லாபம் என்ற கணக்கும் தெரியும்.

“இலக்கியப் பத்திரிகையில் இதெல்லாம் எதுக்கு?” என்று யாராவது கேட்பீர்கள். அந்த ஹோட்டல் கதவைத் தட்டியவர்கள் பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர்கள். பாடத்திட்டம் போடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தால் முதல் நூலாகப் பொதுக் கணக்குக் குழுவின் அந்த அறிக்கையை வைப்பேன். உறுப்பினர்கள் முன்வரிசையில் உட்காரட்டும். தளபதிகள் பின்னால் உட்கார்ந்து கேட்டால் போதும்.