ஆமைகளின் நாட்காட்டி

விடுமுறைப் பயணம் என்றவுடன் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் பார்ப்பது பள்ளி நாட்காட்டியை. அடுத்துப் பார்ப்பது விடுதிக் கட்டணத்தை. பெருநகரங்களுக்கும் மலைவாழிடங்களுக்கும் அது போதும். மகாராட்டிர மாநிலம் இரத்தினகிரி மாவட்டத்திலுள்ள வேளாஸ் என்னும் கடற்கரைச் சிற்றூருக்கு அது போதாது. அங்கே தங்க விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது ஆமைகளின் நாட்காட்டியையே.

மும்பையிலிருந்து சாலை வழியே 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள இவ்வூர்க் கரைக்கு, குளிர்காலத்தில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வருகின்றன. தமிழில் இதனைப் பங்குனி ஆமை என்பர். பெயரிலேயே ஒரு மாதம் இருக்கிறது. ஓர் ஆமை ஒரு குழியில் 100 முட்டைகளுக்கு மேலும் இடும். ஏறத்தாழ 50 நாள்களில் குஞ்சுகள் பொரிந்து வெளிவரும். ஆகவே அவற்றைக் காண உகந்த காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையாகும். பள்ளித் தேர்வும் அப்போதுதான் வந்து நிற்கிறது! பலர் பயணத்தை மே மாதத்திற்குத் தள்ளிவைத்து, வெறும் மணலைக் கண்டு திரும்புகின்றனர். பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு சென்று வருவதால் தேர்வு கெட்டுவிடாது.

முன்பு இம்முட்டைகளைத் தோண்டியெடுத்து உண்பதும் விற்பதும் வழக்கமாக இருந்தன. 2002ஆம் ஆண்டில் சிப்ளூண் நகரைச் சேர்ந்த சஹ்யாத்ரி நிசர்க மித்ரா என்னும் அமைப்பு, ஊராருடன் இணைந்து பாதுகாப்புப் பணியைத் தொடங்கியது. கரையில் கண்டெடுக்கும் முட்டைகளை வேலியிட்ட மணற்பரப்பில் மீண்டும் புதைத்துக் காக்கின்றனர். பின்னர் ஆமைத் திருவிழாவும் தொடங்கியது. விருந்தினர் தங்குவதும் உண்பதும் ஊரார் வீடுகளிலேயே. அவர்கள் தரும் பணம் முட்டையைக் காத்தவர் கைக்கே சேர்கிறது. முட்டையை விற்பதைவிடக் குஞ்சைக் காப்பது ஊருக்கு வருவாய் தருவதாயிற்று.

“நல்ல விடுதி ஒன்றுகூட இல்லையே!” என்று குறை கூறுவோர் உண்டு. இக்குறை தீராதிருப்பதே நன்று. ஆமைக் குஞ்சுகள் ஒளி மிகுந்த திசையை நோக்கி நகரும் இயல்புடையவை. இரவில் கடற்பரப்பின் மங்கிய ஒளியே அவற்றுக்கு வழிகாட்டி. கரையோரம் பெருவிடுதி எழுந்து விடியுமளவும் விளக்குகள் எரிந்தால், கடலுக்குச் செல்ல வேண்டிய குஞ்சு ஊர்ப்பக்கம் திரும்பும். நாய்க்கும் காக்கைக்கும் இரையாகும். விருந்தினர் வேண்டும் வசதியே அவர் காண வந்ததை அழித்துவிடும். பாயில் படுத்து, வீட்டார் சமைத்ததை உண்டு, இரண்டு நாள் இருப்பதொன்றும் பெருந்துன்பமன்று. கொங்கணத்துச் சோல்கடியைச் சுவைத்தவர் மறுமுறையும் கேட்பர்.

தங்கும் நாள்களிலும் சிக்கனம் கூடாது. காலையிலும் மாலையிலும் குஞ்சுகளைக் கடலில் விடுவர். ஆனால் எல்லா நாளும் அவை வெளிவருவதில்லை. ஒரே பகலில் ஓடிவந்து, “பணம் செலவழித்தும் ஒன்றையும் காணவில்லை” எனச் சினப்பவர், திரையரங்கிற்கு வந்ததாக எண்ணிவிட்டார் போலும். இரண்டு இரவுகளாவது தங்குவதே தக்கது. மாலையில் குஞ்சுகள் வாராவிடில், மறுநாள் காலை மீண்டும் கரைக்குச் செல்லலாம். இடைப்பட்ட பகலில் சாவித்திரி ஆறு கடலொடு கலக்குமிடத்தில் நிற்கும் பாண்கோட் கோட்டையைப் பார்த்து வரலாம்.