தூரத்தை அளந்து பாருங்கள்





உபாகமம் 21ஆம் அதிகாரத்தின் முதல் ஒன்பது வசனங்களை நம்மில் பலர் வாசித்துவிட்டுக் கடந்துபோகிறோம். வயல்வெளியில் ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான். கொன்றவன் யாரென்று தெரியவில்லை. அப்போது மூப்பரும் நியாயாதிபதிகளும் புறப்பட்டு வந்து, அந்த உடல் கிடக்கும் இடத்திலிருந்து சுற்றிலுமுள்ள பட்டணங்கள் வரைக்கும் தூரத்தை அளக்க வேண்டும். எந்தப் பட்டணம் அருகில் இருக்கிறதோ, அதன் மூப்பர்கள் ஒரு கிடாரியை நீரோடும் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய், அங்கே தங்கள் கைகளைக் கழுவி, சிந்தப்பட்ட இரத்தத்தைக் குறித்துக் கர்த்தருடைய சமுகத்தில் பேச வேண்டும். அவர்கள் கொலை செய்தவர்கள் அல்லர். ஆயினும் "நமக்கென்ன" என்று வீட்டில் இருந்துவிட அவர்களுக்கு அனுமதியில்லை. அருகில் வாழ்கிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்பதே இந்தப் பிரமாணத்தின் உட்பொருள்.

அந்த அளவுகோலை இந்த வாரம் நம்முடைய ரயில் பாதையின்மேல் வைத்துப் பார்ப்போம்.

2024 அக்டோபர் 4 அன்று, திருத்தணிப் பகுதியைச் சேர்ந்த மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே கடுமையாகத் தாக்கப்பட்டார். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர் அக்டோபர் 9 அன்று மரித்தார். பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் கைது செய்யப்பட்டார்கள். திருத்தணியிலிருந்து அரக்கோணம், திருவள்ளூர், திருநின்றவூர், ஆவடி, அம்பத்தூர் வழியாகச் சென்ட்ரல் செல்லும் இந்தத் தடத்தில்தான் நம் பிள்ளைகளும் நாள்தோறும் பயணம் செய்கிறார்கள். அந்த மாணவரின் ஊருக்கும் அவர் வீழ்ந்த இடத்துக்கும் நடுவே இருக்கிறது நம்முடைய ஊர்.

மாநிலக் கல்லூரி 1840இல் தொடங்கப்பட்டது. பச்சையப்பன் கல்லூரி 1842இல். உ.வே.சாமிநாதையர் தமிழ் போதித்த கல்லூரி ஒன்று. அறிஞர் அண்ணா பயின்ற கல்லூரி மற்றொன்று. இரண்டுக்கும் நம் வட்டாரத்திலிருந்து, வீட்டின் முதல் பட்டதாரியாகக் கனவு காணும் பிள்ளைகள் போகிறார்கள். அவர்களுக்குள் பகை என்ன? நிலத் தகராறா, பணத் தகராறா? ஒன்றுமில்லை. 'ரூட்டு தல' என்னும் வெறும் பட்டம். 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் மாநகரப் பேருந்துக்குள் பட்டாக் கத்திகளால் வெட்டியவர்களும் வெட்டுப்பட்டவர்களும் ஒரே கல்லூரி மாணவர்கள். பேருந்துத் தடம் மட்டுமே வேறு. ஆகவே இது கல்லூரிப் பெருமை என்றுகூடச் சொல்வதற்கில்லை.

வன்முறையின் சேதத்தை நாம் காயம்பட்டவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டுமே கணக்கிடுகிறோம். எந்தக் கணக்கிலும் சேராத சேதம் ஒன்று உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் சகோதரி, பெட்டியின் பக்கவாட்டில் தட்டிப் பாடிவரும் கூட்டத்தைக் கண்டு அடுத்த பெட்டிக்கு ஓடுகிறார். மாணவன் தன் அடையாள அட்டையைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்கிறான். "எந்தக் காலேஜ் என்று யாராவது கேட்டால் சொல்லாதே, கண்ணு" என்று தாய் சொல்லி அனுப்புகிறாள். குறைந்த கட்டணத்தில் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தும், பயத்தினால் கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்க்கிற தகப்பன்மாரும் உண்டு. ஒரு கத்தி உறையிலிருந்து வெளியே வருமுன்னரே இத்தனை வீடுகளின் நடைமுறையை மாற்றிவிடுகிறது. ஒதுங்கிப்போவது நமக்குப் பழக்கமாகும்போது, ரயில் பெட்டி பொதுச் சொத்தாக இராமல், சத்தம் போடுகிறவனுடைய சொத்தாகிவிடுகிறது.

கைதானவர்களின் வீடுகளையும் மறவாதீர்கள். பத்தொன்பது, இருபது வயதில் வழக்கில் சிக்கியவனுக்கு அரசு வேலையின் நன்னடத்தைச் சரிபார்ப்பு பெருந்தடையாகிறது. அவனைப் படிக்கவைக்கத் தாய் அடகு வைத்த நகை, பிறகு வழக்கறிஞருக்காக விற்கப்படுகிறது. ஒரு தாய் கல்லறைக்கும், வேறு தாய்மார் சிறைவாசலுக்கும் நடக்கிறார்கள்.

ஆதியாகமம் 4ஆம் அதிகாரத்தில் காயீனை நாம் அறிவோம். அவன் சந்ததியில் வந்த லாமேக்கை அவ்வளவாக நினைப்பதில்லை. காயீன் தன் குற்றத்தை மறைக்கப் பார்த்தான். லாமேக்கோ தான் செய்த கொலையைத் தன் மனைவிகளுக்கு முன்பாகப் பெருமையாக அறிவித்தான். சில தலைமுறைகளுக்குள் வெட்கம் பெருமையாக மாறிவிட்டது. கத்தியை நடைமேடையில் உரசிக்கொண்டு போவதைப் படம்பிடித்துப் பரப்புகிற இக்காலத்தில் லாமேக்கு நமக்கு அந்நியன் அல்லன். அந்தக் காணொளியை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து, நண்பருக்கு அனுப்புகிறவர்களே அவனுக்குச் சபையாகிறார்கள்.

நம்முடைய ஊருக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. இங்கு வாழ்ந்த பூசலார், பொருளில்லாமையால் மனத்துக்குள்ளேயே கல்கல்லாய்க் கோயில் கட்டினார் என்று பெரியபுராணம் சொல்லுகிறது. உள்ளத்தில் கட்டப்படுவது மெய்யானது என்பதை இவ்வூர் வெகுகாலமாக அறிந்திருக்கிறது. கொலையும் அவ்வாறே முதலில் உள்ளத்தில் கட்டப்படுகிறது. மலைப் பிரசங்கத்தில் ஆண்டவர் கொலையைப் பற்றிப் பேசும்போது கோபத்திலும் பழிச்சொல்லிலும் தொடங்கியது இதனால்தான். "நம்ம பையன் யாருக்கும் பயப்படமாட்டான்" என்று விருந்தினர்முன் மெச்சும் வார்த்தை அந்தக் கட்டடத்தின் ஒரு கல். அடித்துவிட்டு வந்த மகனைக் கண்டிக்காமல், அடிவாங்கி வந்த மகனைப் பரிகசிப்பது மற்றொரு கல்.

இப்படிப்பட்ட செய்தி வந்தவுடன், "இவர்களைச் சுட்டுத் தள்ள வேண்டும்" என்று விசுவாசிகளும் எழுதுவதைக் காண்கிறேன். அக்கோபத்தை நான் புரிந்துகொள்கிறேன், அதை ஏற்றுக்கொள்ளேன். சட்டம் தன் கடமையைச் செய்யட்டும், நீதிமன்றம் தண்டிக்கட்டும். ஆனால் இரத்தத்துக்கு இரத்தம் கேட்பது லாமேக்கின் கணக்கு. எழுபத்தேழு மடங்கு பழி என்று அவன் பேசினான். எழுபதுதரம் ஏழு மன்னிப்பு என்று இயேசு பேதுருவிடம் சொன்னார். இரண்டு கணக்குகளில் ஒன்றையே நாம் கற்பிக்க முடியும்.

அப்படியானால் அருகிலுள்ள ஊரின் மூப்பராக நாம் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, இந்தத் தடத்தில் பயணிக்கும் நம் பிள்ளைகள் யார், எந்த ரயிலில், யாருடன் போகிறார்கள் என்று சபை அறிந்திருக்க வேண்டும். இரு கல்லூரி மாணவரையும் வாலிபர் கூடுகையில் ஒரே பந்தியில் அமர்த்துவோம். ஒன்றாக உண்டவன்மேல் கை ஓங்குவது எளிதன்று. இரண்டாவது, பெட்டியில் அச்சுறுத்தலைக் கண்டால் ஒதுங்குவதோடு நின்றுவிடாமல், 139 என்னும் ரயில்வே உதவி எண்ணை அழையுங்கள். எதிர்த்து நின்று சண்டையிட உங்களைக் கேட்கவில்லை. கண்டதைச் சொல்லும்படியே கேட்கிறேன். மூன்றாவது, வீட்டில் எந்த வீரத்தை மெச்சுகிறோம் என்று இன்றே சோதித்துப் பாருங்கள்.

அந்தப் பழைய ஏற்பாட்டு மூப்பர்கள், அந்த இரத்தம் சிந்தப்பட்டதைத் தாங்கள் காணவில்லை என்று அறிக்கையிட்டுக் கைகழுவினார்கள். நாம் அப்படிச் சொல்ல இயலாது. நாள்தோறும் அதே ரயிலில் ஏறுகிறவர்கள் நாம்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, பிள்ளையை இழந்த வீட்டையும், பிள்ளை சிறைசென்ற வீடுகளையும் தேற்றும். எங்கள் வாலிபரின் கைகளைப் புத்தகத்துக்கும் உழைப்புக்கும் உரியவைகளாகக் காத்தருளும். அருகிலிருந்தும் தூரமாய் நிற்கிற இருதயத்தை எங்களைவிட்டு அகற்றும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.