நம்பிக்கை இரத்தத்தில் ஊறியதோ?

"தோட்டத்துப் பிள்ளைகள் எவரையும் இலகுவில் நம்பார், அஃது அவர்தம் இரத்தத்தில் ஊறியது" என்னும் பேச்சு, கற்றோர் கூடும் இடங்களில் இன்றும் ஒலிக்கின்றது. நம் கல்லூரியிற் பயின்று மலைநாட்டிற்கு ஆசிரியராய்ச் சென்ற பழைய மாணவர் சிலரும் இவ்வாறு கூறக் கேட்டிருக்கின்றோம். டிக்கோயாப் பகுதித் தோட்டங்களை முன்வைத்து இக்கூற்றை ஆராய விழைகின்றோம்.

இரத்தம் என வழக்கிற் கூறப்படுவதனை விஞ்ஞானிகள் பரம்பரையலகு என்பர். நம்பும் இயல்பில் அதற்கும் பங்குண்டு. சுவீடனிலும் அமெரிக்காவிலும் இரட்டையரைக் கொண்டு நடாத்தி 2008இல் வெளியான ஆய்வொன்று, முன்பின் அறியாதவரிடம் பணத்தை நம்பி ஒப்படைக்கும் விளையாட்டில் ஆளுக்காள் காணும் வேறுபாட்டில் 100க்கு 10 முதல் 20 வரையே பரம்பரையால் விளைவதெனக் கணித்தது. அதுவும் ஒரு சமூகத்துள் ஆளுக்காள் உள்ள வேறுபாடே. ஒரு சமூகத்தையும் மற்றொன்றையும் ஒப்பிட்டதன்று. தனியொரு பரம்பரையலகும் இளமைத் துன்பமும் சேர்ந்து மனச்சோர்வை விளைக்கும் என 2003இல் எழுந்த புகழ்பெற்ற கொள்கைக்குக்கூட, 2019இல் பல்லாயிரவரை வைத்துச் செய்த ஆய்வு ஆதரவளிக்கவில்லை.

இளமைத் துன்பமோ வேறு. ருமேனியாவின் அநாதை இல்லங்களிலிருந்து வளர்ப்புக் குடும்பங்களிற் சேர்க்கப்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தோர், இரண்டு வயதிற்கு முன் சேர்ந்தவர் பிறரோடு பாசப் பிணைப்புக் கொள்ளுதலிற் பெரிதும் தேறினர் எனக் கண்டனர். நம் தோட்டங்களில் தாய் காலையிற் குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுக் கொழுந்தெடுக்கப் போகின்றாள். அங்குள்ள ஆயா அன்பும் பயிற்சியும் உடையவளாயின் குறையில்லை. அடிக்கடி ஆள் மாறினாற் குழந்தை யாரை நம்பும்? 2016ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி ஐந்து வயதிற்குட்பட்ட தோட்டக் குழந்தைகளில் 100க்கு ஏறக்குறைய 32 பேர் வயதிற்கேற்ற உயரம் அற்றவர். நாடு முழுமைக்கும் அது 17 மாத்திரமே.

இனி, வளர்ந்தோர் கண்டவற்றையும் எண்ணுதல் வேண்டும். தொழிலாளி தோட்டம் மாறுவதற்கு, அவன் கடனை எழுதிய 'துண்டு' வேண்டப்பட்டது. புதிய தோட்டம் அக்கடனைத் தீர்க்கும். ஆள் அங்கும் கடனாளியாவான். இம்முறை 1921இலேயே ஒழிந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பெரும்பாலானோர் பிரஜாவுரிமை அற்றனர்; அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இரு பிரதம மந்திரிகள் 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்ப்போம் என்றனர். பங்கிடப்பட்டோரை எவரும் கேட்டிலர். நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்கு வழி திறந்த சட்டம் 2003இலேதான் வந்தது. இத்தனை கடதாசிகளைக் கண்ட குடும்பத்தார், பிறர் நீட்டும் கடதாசியிற் கையொப்பமிடத் தயங்கினால், அதனைக் குணக்கேடு என்பதோ? நாம் அதனை விவேகம் என்போம்.

ஆசிரியரும் இதில் விலக்கல்லர். இடமாற்றம் கிடைத்த மறுநாளே கீழிறங்கும் ஆசிரியரை மாணவன் எங்ஙனம் நம்புவான்? (வந்த நாளிலேயே மாற்றத்திற்கு விண்ணப்பித்தோரையும் நாம் அறிவோம்.) விழா நிதியிலிருந்து டிக்கோயாவில் ஒரு பிள்ளைக்காம்பராவிற்குப் பயிற்சி பெற்ற ஆயா ஒருவரை ஐந்தாண்டுக்கேனும் நிலையாக அமர்த்த இயலுமா என்பதனைப் பழைய மாணவர் சங்கத்தார் அடுத்த பொதுக்கூட்டத்தில் எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். தோரண வாயில் இன்னுமோர் ஆண்டு பொறுக்கலாம்.