யாருடைய தாலாட்டு?

ஜப்பானியத் தாலாட்டுகளைக் கேட்டால் உடனே உறக்கம் வரும் என்று இலக்கிய நண்பர்கள் பரிந்துரைக்கிறார்கள். அவற்றில் ஜென் அமைதி ததும்புகிறதாம். நான் மறுக்கிறேன்.

கியூஷு தீவின் குமமோட்டோ பகுதியில் உள்ள இட்சுகி என்னும் மலைச்சிற்றூரின் தாலாட்டு புகழ்பெற்றது. அதைப் பாடியவள் தாயல்லள். வறுமையால் செல்வர் வீட்டுக்குக் குழந்தை தூக்க அனுப்பப்பட்ட சிறுமி. தன் துயரை ஆற்றவே பாடினாள். வீடு திரும்பும் நாளை எண்ணினாள். கியோட்டோவின் தக்கேதாத் தாலாட்டும் அத்தகையதே. ஒடுக்கப்பட்ட புராக்கு மக்களின் குடியிருப்பில் பிறந்த அப்பாடல் 1971இல் இசைத்தட்டாகி நாடெங்கும் ஒலித்தது. பிறப்பிடம் தெரியவந்ததும் ஒலிபரப்பு நிறுவனங்கள் அதைப் பல்லாண்டுகள் ஒதுக்கிவைத்தன. இதுவா ஜென் அமைதி?

நம் தாலாட்டுகளில் தாயின் உழைப்பையும் ஏக்கத்தையும் தேடும் நாம், பிறமொழித் தாலாட்டை மட்டும் தூக்க மாத்திரையாக்குவது நேர்மையன்று.

தொலைவில் எதற்கு? வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான குடியிருப்பு 706.50 கோடி ரூபாய் செலவில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இவர்கள் சிறுமியர் அல்லர், ஊதியமும் பெறுகிறார்கள். ஆயினும் ஊரைப் பிரிந்து, இரவு ஷிப்டு முடித்து, பகல் வெளிச்சத்தில் கண்மூட முயல்பவளுக்கு இட்சுகிச் சிறுமி அயலாள் அல்லள். அப்பாட்டைக் கேட்டு உறங்கும் முதல் உரிமை அவளுக்கே.

நண்பர்களே, நீங்களும் கேளுங்கள். பொருளறிந்து கேளுங்கள். அதன்பின்னும் உறக்கம் வந்தால் உறங்குங்கள்.