மேசையைத் துடைப்பது யார்?

பெண்களுக்கென்று தனி இடம் வேண்டும். இதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆண்களின் தொந்தரவு இல்லாமல் உட்கார்ந்து வேலை பார்க்க, நாலு பேரைச் சந்திக்க, தொழில் அறிவைப் பகிர்ந்துகொள்ள ஓர் இடம் கேட்பது நியாயம்தான். ஆனால் 'பெண்கள்' என்கிறபோது யாரைச் சொல்றாங்க? அதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

2016இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 'தி விங்' என்றொரு பணியிட மன்றம் பெண்களுக்காகவே திறக்கப்பட்டது. மாதச் சந்தா 200 டாலர் அளவில். இளஞ்சிவப்பு இருக்கைகள், நூலகம், தாய்மார்களுக்குத் தனி அறை. கோடிக்கணக்கான டாலர் முதலீடு வந்து குவிந்தது. பல நகரங்களில் கிளைகள். 2019இல் லண்டனிலும் ஒன்று. பெண்களின் முன்னேற்றமே தன் லட்சியம் என்றது நிறுவனம்.

அந்த மேசைகளைத் துடைத்தவங்களும், சமையலறையில் நின்றவங்களும், குழந்தைகளைப் பார்த்துக்கிட்டவங்களும் பெண்கள்தான். அவர்களில் பலர் வெள்ளையர் அல்லாதவர்கள். உறுப்பினர்கள் தங்களை நடத்திய விதத்தையும், நிர்வாகத்தின் பாராமுகத்தையும் 2020 மார்ச்சில் அவர்கள் பத்திரிகையில் சொன்னார்கள். கொரோனா வந்ததும் மணிக்கணக்கில் கூலி வாங்கியவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஜூனில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ய, நிறுவனர்களில் ஒருவரான ஆட்ரி கெல்மன் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். 2022 ஆகஸ்டில் மன்றமே மூடப்பட்டது.

'அமெரிக்கச் சீமாட்டிகளின் கடை மூடினா நமக்கென்ன?' என்று தோழர்கள் கேட்கலாம். நமக்கு நிறையவே இருக்கு. 'பெண்' என்கிற ஒற்றைச் சொல்லுக்குள் நிறத்தையும் கூலியையும் புதைத்தார்கள் அங்கே. இங்கே அதே குழியில் புதைக்கப்படுவது சாதி. 1995இல் தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பு தனியாக உருவாக வேண்டி வந்ததே, எதனால்?

கறுப்புப் பெண்கள் வேறொரு வழியையும் காட்டியிருக்காங்க. நிறமும் பாலும் வர்க்கமும் சேர்ந்தே தங்களை ஒடுக்குவதை 1977இல் 'கோம்பாகி ரிவர் கலெக்டிவ்' அறிக்கையாக வெளியிட்டது. 1980இல் பார்பரா ஸ்மித், ஆட்ரி லார்ட் முதலானோர் தொடங்கிய பதிப்பகத்தின் பெயர் 'கிச்சன் டேபிள்'. அடுப்படி மேசை! பெண்கள் உழைக்கிற, கூடிப் பேசுகிற இடத்தையே பெயராக வைத்தார்கள். தங்கள் எழுத்தைத் தாங்களே அச்சிட்டார்கள். யாருடைய சொகுசு மன்றத்திலும் இடம் கேட்டு நிற்கவில்லை.

ஆகவே, பெண்களுக்கான இடம் என்று எங்கே பலகை தொங்கினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். உள்ளே வர எவ்வளவு காசு? கழுவித் துடைக்கிறவருக்கு எவ்வளவு கூலி? முடிவெடுக்கும்போது அவருக்கு நாற்காலி உண்டா?

கல்லூரி விடுதியில் கேளுங்கள். மகளிர் சங்கத்தில் கேளுங்கள். நம் இயக்க அலுவலகத்திலும் கேளுங்கள். கூட்டத்துக்கு டீ போட்டுக் கொடுத்த தோழியின் பெயர் தீர்மானத்தில் இல்லையென்றால், அந்தத் தீர்மானத்தைத் திருப்பி அனுப்புங்கள்.