உருமிக்காரர்களோடு உட்காருவோம்

கவிதை எழுதிக்கொண்டிருந்த அரக்கோணம் அறிவு, 2018இல் சென்னையில் அரங்கேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் வழியேதான் ராப் பாடகராக அறியப்பட்டார். கானா, பறை, கிட்டார் எல்லாம் அவர் வரிகளுக்குத் துணை நின்றன. பிறகு 2021இல், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டியின் நினைவு ‘என்ஜாய் எஞ்சாமி’யாக உலகம் சுற்றியது.

நெகிரி செம்பிலான் தோட்டத்தில் என் பாட்டியும் பால்மரம் சீவியவர்தான். அத்தகைய கதைகளை நம் இளைஞர்களும் எழுதுகிறார்கள். ஆனால், அறைக்குள் தனியாக, இணையத்தில் இறக்கிய தாளத்துக்குப் பாடுகிறார்கள். எந்த ஊர்ப் பாட்டு என்றே தெரிவதில்லை. திருவிழாவில் முழங்கும் உருமி மேளக் குழுவோ பக்கத்துத் தாமானில்தான் இருக்கிறது. அவர்களோடு உட்கார்ந்து ஒரு பாடலாவது செய்வோம். பாட்டிமார் கேட்க இருக்கும்போதே செய்வோம்.