வெத்து பாரத்துல கையெழுத்தும் ஹார்டுவேர் வாலெட்டும்

முதல்லயே சொல்லிடறேன். இது கிரிப்டோ வாங்கச் சொல்ற பதிவு இல்லை. வாங்காதீங்கன்னு புத்தி சொல்ற பதிவும் இல்லை. ஏற்கனவே வாங்கி வச்சிருக்கிற மக்கள்கிட்ட, "ஒரு ஹார்டுவேர் வாலெட் வாங்கிப் போடுங்க, அப்புறம் காலை நீட்டித் தூங்கலாம்"னு சில பேர் ஜல்லியடிச்சுட்டுத் திரியறாங்க இல்லையா, அவங்களுக்கான பதிவு. நம்ம பதிவுலக நண்பர்கள் ரெண்டு மூணு பேரும் அதையே எழுதியிருக்காங்க. உள்குத்து எல்லாம் இல்லை சாமி, நேர்குத்துதான் :-)

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரித் தொழில்ல இருக்கிறவங்களுக்கு 29, 30ன்னு ரெண்டு பாரம் நல்லாவே தெரியும். வண்டிய அடுத்தவங்க பேருக்கு மாத்தறதுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல குடுக்கறது. வாங்கறவர் பேர், தேதி எதுவும் எழுதாம புரோக்கர் காட்டின எடத்துல எல்லாம் கையெழுத்தைப் போட்டுட்டு வந்துடறது நம்மாளுங்க வழக்கம். அப்புறம் வண்டி யார் யார் கைக்கோ மாறி, எங்கியோ விபத்துல மாட்டி, பேரு மட்டும் இன்னும் மாறலைன்னு கோர்ட்டுல இருந்து சம்மன் வர்றப்பதான் முழிப்பாங்க. அந்தக் கையெழுத்தை அவர் நூறு ரூபா பேனாவுல போட்டாரா, பத்தாயிரம் ரூபா பேனாவுல போட்டாராங்கிறது அங்க ஒரு கேள்வியா?

ஹார்டுவேர் வாலெட்டும் ஒரு பேனாதான். பேர்ல "வாலெட்"னு இருக்கறதால காசு உள்ள இருக்குன்னு நெனைச்சுக்கறோம். உள்ள ஒரு காயின் கூட கெடையாது. காயின் கணக்கு எல்லாம் உலகம் பூரா இருக்கிற கம்ப்யூட்டர்கள்ல பொதுவா ஓடிட்டிருக்கு. அந்தக் கணக்குல "இதை இவருக்கு அனுப்பு"ன்னு உத்தரவு போடற ரகசிய சாவி மட்டும்தான் கருவிக்குள்ள இருக்கு. கம்ப்யூட்டர்ல வைரஸ் இருந்தாலும் சாவி வெளியே போகாது, கையெழுத்து கருவிக்குள்ளேயே போடப்படும். இது நிஜமாவே நல்ல விஷயம், மறுக்கலை. ஆனா எதுல கையெழுத்துப் போடறீங்கங்கிறதை அது உங்களுக்காகப் படிச்சுப் பார்க்காது.

நான் சும்மா பயமுறுத்தறேன்னு நெனைக்கிறவங்களுக்கு 2024 ஜூலை 18. இந்தியாவோட பெரிய கிரிப்டோ சந்தைகள்ல ஒண்ணான வாசிர்எக்ஸ்ல ஒரே நாள்ல 23 கோடி டாலருக்கு மேல, நம்ம கணக்குல கிட்டத்தட்ட 2,000 கோடி ரூபா காலி. பூட்டு என்ன மட்டமான பூட்டா? ஆறு பேர் சாவி வச்சிருந்த வாலெட். வாசிர்எக்ஸ் ஆளுங்க மூணு பேர் கையெழுத்துப் போட்டு, அதுக்கு மேல லிமினல்ங்கிற பாதுகாப்புக் கம்பெனியும் போட்டாத்தான் பணம் நகரும். அந்த மூணு பேரும் லெட்ஜர் ஹார்டுவேர் வாலெட் வச்சிருந்தாங்க. இதைச் சொன்னது வாசிர்எக்ஸ் கம்பெனியேதான்.

அப்புறம் எப்படிப் போச்சு? திரையில தெரிஞ்சது ஒண்ணு, கையெழுத்து விழுந்தது வேற ஒண்ணுன்னு வாசிர்எக்ஸ் சொல்லுச்சு. எங்க சிஸ்டத்துல ஓட்டை இல்லைன்னு லிமினல் சொல்லுச்சு. அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். வாலெட்டோட கட்டுப்பாட்டையே திருடன் கையில குடுக்கிற உத்தரவுல ஒழுங்கான கையெழுத்துகள் விழுந்துச்சு. யாரும் சாவியைத் திருடலை. 29, 30 கதைதான். 2025 ஜனவரியில அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூணும் சேர்ந்து, இது வட கொரியாக்காரன் வேலைன்னு அறிக்கை விட்டுச்சு.

சரி, நம்மாளுங்கதான் ஏமாந்துட்டாங்கன்னு பார்த்தா, 2025 பிப்ரவரி 21ல பைபிட்ங்கிற வெளிநாட்டு சந்தையில 150 கோடி டாலர் அளவுக்கு ஈதர் போச்சு. அங்கேயும் பல பேர் கையெழுத்து, அங்கேயும் லெட்ஜர். அவங்க பயன்படுத்தின வாலெட் தளத்தோட திரையையே திருடனுங்க மாத்தி வச்சிருந்தாங்க. பார்க்கிறதுக்கு வழக்கமான பரிமாற்றம் மாதிரியே இருந்துச்சு. கடைசிக் கையெழுத்துப் போட்டது கம்பெனித் தலைவரே!

இதுக்குப் பேர் "பிளைண்ட் சைனிங்". கண்ணைக் கட்டிக்கிட்டுக் கையெழுத்துப் போடறது. சாதாரணமா பிட்காயின் அனுப்பறப்ப கருவியோட குட்டித் திரையில முகவரியும் தொகையும் தெளிவாத் தெரியும். ஸ்மார்ட் காண்ட்ராக்ட் சமாச்சாரம்னா பல நேரம் புரியாத எண்ணும் எழுத்துமா ஒரு வரிதான் வரும். "ம்... சரி"ன்னு பட்டனை அமுக்கினா முடிஞ்சுது சோலி. கோடிக்கணக்குல பணம் வச்சிருக்கிற கம்பெனிக்காரங்களே அமுக்கிட்டாங்க. நம்ம எம்மாத்திரம்?

"அப்ப எதுக்கு இந்தத் தலைவலி, எக்ஸ்சேஞ்சிலேயே வச்சுக்கலாமே"ன்னு அடுத்த கோஷ்டி வரும். அவங்களுக்கும் இருக்கு. வாசிர்எக்ஸ்ல கணக்கு வச்சிருந்தவங்க வழக்கம்போல வாங்கி விக்க முடிஞ்சது 2025 அக்டோபர் 24க்கு அப்புறம்தான். பதினஞ்சு மாசம்! நடுவுல கேஸ் சிங்கப்பூர் கோர்ட்டுல. சென்னையில ஒரு முதலீட்டாளர் 2024 ஜனவரியில சுமார் 2 லட்சம் ரூபாய்க்கு 3,532 எக்ஸ்.ஆர்.பி. காயின் வாங்கி வச்சிருந்தாங்க. திருடு போனது அந்த வகைக் காயினே இல்லை. இருந்தும் அதுவும் முடங்கிப் போச்சு. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. 2025 அக்டோபர் 25ல நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ ஒரு சொத்துதான், ஒருத்தருக்காக இன்னொருத்தர் நம்பிக்கையின் பேர்ல வச்சிருக்கக் கூடிய சொத்துதான்னு சொல்லி, அவங்களுக்கு இடைக்காலப் பாதுகாப்பு குடுத்தார். நல்ல தீர்ப்பு. ஆனா 2 லட்ச ரூபா சமாச்சாரத்துக்கு உயர் நீதிமன்றப் படி ஏற நம்மள்ல எத்தனை பேரால முடியும்?

அதனால எக்ஸ்சேஞ்சும் கோயில் உண்டியல் இல்லை, கருவியும் அய்யனார் சாமி இல்லை. கடைசியில படிச்சுப் பார்க்க வேண்டியது நீங்கதான்.

இப்ப உள்ளூர் கூத்துக்கு வர்றேன். எங்க பக்கத்துல ஒரு செல்போன் கடை (பேர் வேண்டாம்). 2,000 ரூபா குடுத்தா ஹார்டுவேர் வாலெட்டை "செட்டப்" பண்ணித் தருவாங்க. ரிக் வண்டியில ராஜஸ்தான் வரைக்கும் போய் போர் போட்டு சம்பாதிச்ச என் சொந்தக்காரத் தம்பி அங்க போய்த்தான் செட்டப் பண்ணிட்டு வந்தான். அந்த 24 வார்த்தையும் கடைக்காரர் நோட்டுல! நேர்ல போய்க் கேட்டேன். "ஏனுங்ணா, நாளைக்கு மறந்துட்டா எங்ககிட்டதானுங்களே வருவாங்க"ன்னார். கெட்ட எண்ணம் இருக்கிற மாதிரியும் தெரியலை. அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு.

அந்த 24 வார்த்தைதான் சாவியே. 2,048 ஆங்கில வார்த்தைகள் இருக்கிற ஒரு பட்டியல்ல இருந்து கருவி எடுத்துக் குடுக்கறது. அது கைவசம் இருந்தா கருவியும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம், உலகத்துல எங்க இருந்து வேணா மொத்தத்தையும் உருவிடலாம். "பின்னை மாத்திட்டேன்"னு நிம்மதியா இருந்தான் தம்பி. பின் மாத்தி ஒரு புண்ணியமும் இல்லை. கருவியை முழுசா அழிச்சு, புது 24 வார்த்தை உருவாக்கி, பழைய முகவரியில இருந்த காயினைப் புது முகவரிக்கு மாத்தினோம். அதுதான் ஒரே வழி.

வெறுமனே திட்டிட்டுப் போனா மொக்கைப் பதிவுன்னு சொல்லிடுவீங்க. அதனால செய்ய வேண்டியதையும் சொல்லிடறேன்:

1. கருவியைத் தயாரிப்பாளர்கிட்டயோ அவங்க அங்கீகரிச்ச விற்பனையாளர்கிட்டயோ மட்டும் வாங்குங்க. பெட்டிக்குள்ள வார்த்தைகள் ஏற்கனவே எழுதி வந்திருந்தா அது திருட்டுக் கருவி. வார்த்தை உங்க கண்ணு முன்னாடி கருவித் திரையிலதான் வரணும்.

2. வார்த்தைகளைப் போட்டோ எடுக்காதீங்க, மெயில்ல வைக்காதீங்க, எந்த வெப்சைட்டிலேயும் அடிக்காதீங்க. 2020ல லெட்ஜர் வாடிக்கையாளர்கள் 2,70,000க்கும் மேற்பட்டவங்களோட பேரும் வீட்டு விலாசமும் கசிஞ்சு போச்சு. அடுத்த வருஷம் சிலர் வீட்டுக்குப் போலிக் கருவியே பார்சல்ல போச்சு. "கம்பெனியில இருந்து பேசறோம், வார்த்தையைச் சொல்லுங்க"ன்னு யார் கேட்டாலும் திருடன்.

3. பேப்பர்ல எழுதினா நம்மூர்ல கரையான் இருக்கு, ஒழுகற ஓடு இருக்கு. சில்வர் தகடுல எழுத்து அச்சு வச்சுத் தட்டி வைக்கலாம். நீங்களே தட்டுங்க! பாத்திரக்கடையில சீர்ப்பாத்திரத்துக்குப் பேர் வெட்டற மாதிரி 24 வார்த்தையையும் வெட்டச் சொல்லிடாதீங்க.

4. பெருசா எதுவும் போடறதுக்கு முன்னாடி கொஞ்சூண்டு அனுப்பி, கருவியை அழிச்சு, வார்த்தையை வச்சு மீட்டுப் பாருங்க. மீளுதா? அப்புறம் மிச்சத்தைப் போடுங்க.

5. கம்ப்யூட்டர் திரையை நம்பாதீங்க. முகவரியைக் கருவித் திரையில முழுசா படிங்க. புரியாத வரி வந்தா வேண்டாம்னு அமுக்குங்க. "பிளைண்ட் சைனிங்கை ஆன் பண்ணுங்க"ன்னு ஒரு தளம் சொன்னா அங்கிருந்து எந்திரிச்சு வந்துடுங்க. விளையாடியே தீருவேன்னா அதுக்குத் தனி வாலெட், சில்லறைக் காசு மட்டும்.

6. தகடு எங்க இருக்குன்னு வீட்டுல நம்பிக்கையான ஒருத்தருக்காவது தெரியணும். நீங்க இல்லாமப் போனா அந்தக் காயினை எந்த நீதிபதியாலயும் எடுத்துக் குடுக்க முடியாது.

பாசி ஃபாரெக்ஸ், ஈமு கோழின்னு இந்த மேற்கு மண்டலத்துல ஜனங்க பட்டது போதாதா? அப்ப எல்லாம் "அவர் பார்த்துக்குவாரு"ன்னு ஒரு ஆளை நம்பினோம். இப்ப "அது பார்த்துக்கும்"னு ஒரு கருவியை நம்பச் சொல்றாங்க. ஆறு விஷயமும் பெரிய தொல்லையாத் தெரியுதா? அப்படின்னா தயவுசெஞ்சு கிரிப்டோ பக்கமே போகாதீங்க. அதுல ஒரு வெட்கமும் இல்லை. வித்துடுங்கன்னு சொல்ல எந்தப் பதிவருக்கும் தைரியம் வரலை, நான் சொல்றேன்.

டிஸ்கி: சொந்த வாலெட்டுக்கு மாத்திட்டா வரி கெடையாதுன்னு ஒரு புரளி சுத்துது. வித்து வர்ற லாபத்துக்கு 30 சதவீதம் வரி 2022 ஏப்ரல்ல இருந்தே இருக்கு. காயினை எங்க வச்சிருந்தாலும் சரி. பின்னூட்டத்துல திட்டறவங்க தாராளமாத் திட்டலாம். 24 வார்த்தையை மட்டும் போட்டுடாதீங்க மக்கா :-)